பார்க்காமல் எழுதிய ஒன்பது நாள்

நாங்கள் கோவில் கட்டத் தேர்ந்தெடுத்த இடத்தில் இரண்டு வகை மண் இருந்தது. வடக்கே, ஊரைப் பார்த்த பக்கம், ஒரு முழம் தோண்டியதுமே செஞ்சரளை வந்துவிட்டது. கடப்பாரை பட்டால் பொறி பறந்தது. தெற்கே, வயலைப் பார்த்த மூலையில், ஆள் உயரத்துக்குத் தோண்டியும் கறுத்த களிதான். கையில் எடுத்தால் விரலை விட்டுப் போகாது. என்றைக்கோ அந்த மூலையில் ஓர் ஊருணி இருந்து தூர்ந்து போனதாகப் பெரியவர்கள் சொன்னார்கள். மேலே நின்று பார்ப்பவனுக்கு எல்லாம் ஒரே புல்தரை.

உத்தமபாளையத்துக்கும் சின்னமனூருக்கும் நடுவே ஆற்றை ஒட்டிய சின்ன ஊர் அது. பாதிக் குடும்பங்கள் வேதக்காரர்கள். தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். நான் அவர்களுடைய பள்ளிக்கூடத்து வாத்தியார். சாமியார் மாதம் ஒருமுறை குதிரையில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் ஜெபம் நடத்துவதும், வருகிற கடுதாசியைப் படித்துச் சொல்வதும் என் வேலை. பூசை அதுவரை ஓலைக் கொட்டகையில்தான் நடந்துகொண்டிருந்தது. கல்லால் ஒரு கோவில், அதன் முகப்பை ஒட்டி ஒரு மணிக்கூண்டு, அக்கரை வயலில் களையெடுக்கிறவர்களுக்கும் மணி கேட்க வேண்டும்: இதுதான் ஊரின் நெடுநாள் ஆசை.

கொத்தனார் மார்க்கையன்கோட்டைக்காரர். வேதக்காரர் அல்ல. நாற்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த ஆள், சுண்ணாம்பு தின்று வெடித்த விரல்கள். அதிகம் பேசமாட்டார். குழி தோண்டியதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, வடக்கு மூலையில் கொஞ்ச நேரம், தெற்கு மூலையில் கொஞ்ச நேரம் குதிகாலை ஊன்றி நின்றார். பிறகு மேலே ஏறி வந்து என்னிடம் சொன்னார்.

"வாத்தியாரே, மண்ணு தாங்குறது வேற, அமுங்குறது வேற. இந்தக் களி தாங்கும். தாங்கிக்கிட்டே அமுங்கும். மொத்தக் கோவிலும் ஒண்ணுபோல அமுங்குனா ஒரு சேதமும் இல்ல. ஒரு மூலை நிக்க, ஒரு மூலை எறங்குனாத்தான் சுவரு கிழியும்."

மணிக்கூண்டு வருவது அந்தத் தெற்கு மூலையில். கோவிலைக் காட்டிலும் கூண்டுக்குத்தான் கனம் அதிகம். அதனால் கோவிலுக்கும் கூண்டுக்கும் நடுவே நாலு விரற்கடை சந்து விட்டு, கூண்டைத் தனியாக நிறுத்திவிடலாம், அது தன் பாட்டுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளட்டும் என்றார். ஊரார் ஒத்துக்கொள்ளவில்லை.

"தாயும் புள்ளையும் மாதிரி ஒட்டி நிக்கணும்யா. நடுவுல சந்து விட்டா, காசு பத்தாம ரெண்டு தரம் கட்டுனாகன்னு சிரிப்பானுக" என்றார் ஊரில் பெரிய விவசாயி ஒருவர். அந்த மாதம் வந்த சாமியாரும் சேர்த்துக் கட்டினால்தான் அழகு என்றார்.

கொத்தனார் யோசித்தார். முன்பு ரோட்டுப் பாலம் ஒன்றில் அவர் வேலை செய்தபோது, அங்கிருந்த ஓவர்சியர் மண்ணைச் சோதித்த விதத்தைப் பார்த்திருக்கிறார். அதையே இங்கே செய்து பார்ப்போம், மண் அமுங்கி நின்றுவிட்டால் சேர்த்துக் கட்டலாம், நிற்காவிட்டால் சந்துதான் என்று முடிவாயிற்று.

தெற்கு மூலைக் குழியின் அடியில் ஒன்றரை முழச் சதுரத்தில் செதுக்கிய கல் ஒன்றைப் போட்டார். அதன்மேல் கட்டைகளை அடுக்கி, பாறாங்கற்களை ஏற்றினார். கல்லின் ஓரத்தில் கோடுகள் கீறிய பனஞ்சட்டம் ஒன்றை நிமிர்த்திக் கட்டினார். குழிக்கு எட்டத்தில் இரண்டு பக்கமும் முளை அடித்து, ஆணியிலிருந்து ஆணிக்கு நூல் இழுத்தார். கல் இறங்கினால் சட்டமும் இறங்கும். நூல் எந்தக் கோட்டில் படுகிறது என்று பார்த்தால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு, கொத்தனார்களின் கணக்கில், ஒரு நூல். அந்த அளவில்தான் எழுதினோம்.

என் வீடு குழிக்கு நூறடி தள்ளி. எழுத்தும் தெரியும். அதனால் தினமும் காலையில் பார்த்து எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்றில் கோடு போட்டுக்கொண்டேன். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். முதல் கனத்துக்கு இரண்டு நூல் இறங்கி நின்றது. கனத்தைக் கூட்டியதும் நாலரைக்குப் போய் நின்றது. முழுக் கனமும் ஏற்றியபோது ஒரே நாளில் ஆறு. அதற்கப்புறம் மெல்ல மெல்ல.

அந்தச் சமயத்தில் கொத்தனார் ஆட்களோடு தேவாரம் பக்கத்து மலையடிவாரத்துக்குக் கல் உடைக்கப் புறப்பட்டார்.

"பதினஞ்சு இருபது நாளாகும் வாத்தியாரே. ஏழு நாள் ஒரே கோட்டுல நின்னாத்தான் நின்னுச்சுன்னு வச்சுக்கலாம். நிக்கலேன்னா இன்னொரு ஏழு நாள் பாப்போம். ஒரு நாள்கூட விட்டுறாதீக. சரளை அன்னைக்கே சொல்லிரும். களி அப்படியில்ல, மெதுவாத்தான் சொல்லும்."

அவர் போன பிறகு ஐந்து நாள் பார்த்து எழுதினேன். ஏழு, ஏழு, ஏழே கால், ஏழே கால், ஏழரை. ஆறாம் நாள் காலையில் என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது.

அவளுக்கு நாலு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. முந்தின நாள் மாலைகூட ஆட்டுக்குட்டியின் காதில் ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் இருந்தது. வரும், குளிர் நடுக்கும், நாலைந்து நாளில் போய்விடும். அப்படித்தான் நினைத்தோம். இரண்டாம் நாள் நான் கம்பத்துக்கு நடந்து போய் வைத்தியரிடம் சூரணம் வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் கொஞ்சம் கஞ்சி குடித்தாள். நாலாம் நாள் கண் திறக்கவில்லை.

அன்று காலை என் மனைவி, ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"அங்கன போயி அளவு பாத்துட்டு வரலையா?"

"நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவள் துணியைப் பிள்ளையின் நெற்றியில் விரித்தாள்.

போயிருக்கலாம். நூறடி. போய்க் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்ப, ஒரு மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் போதும். விடியற்காலையில் பிள்ளை சில சமயம் அயர்ந்து தூங்கினாள். அப்போதெல்லாம் நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வெளியே போனால் அது நின்றுவிடும் என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. இதை அப்போது என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

காய்ச்சல் கண்ட ஒன்பதாம் நாள் உச்சிப்பொழுதில் அவள் போய்விட்டாள்.

அடக்கத்தன்று நல்ல மழை. கல்லறைத் தோட்டமும் வயலை ஒட்டியதுதான்; அதே களி. வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. இரண்டு பேர் உள்ளே நின்று செம்பால் இறைத்து வெளியே ஊற்றினார்கள். அவ்வளவு சின்னக் குழிக்குள் இரண்டு பேர் நிற்க இடம் போதவில்லை. மூடி, மேடு கட்டி, சிலுவை நட்டோம். மறுநாள் போய்ப் பார்த்தபோது மேடு இறங்கித் தரையோடு தரையாகக் கிடந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். கூடையில் மண் அள்ளி வந்து போட்டேன். அடுத்த நாளும் இறங்கியிருந்தது. மறுபடி போட்டேன். அந்த வாரத்தில் மூன்று முறை போட்டேன்.

அதே மழையில் கோவில் குழியின் ஒரு பக்கம் சரிந்து, முளைகளில் ஒன்று சாய்ந்து, நூல் அறுந்து போயிருந்தது. கல்லும் சட்டமும் சேற்றுக்குள். இனி அங்கே போய் எதையும் அளக்க முடியாது. நடந்ததைச் சொல்ல என் நோட்டு ஒன்றுதான் மிச்சம்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள், கல் ஏற்றிய வண்டிகள் ஊருக்குள் வருகிற சத்தம் கேட்டது. நான் நோட்டை எடுத்தேன். ஏழரைக்குக் கீழே, நூல் அறுவதற்கு முந்தின நாள் வரை, ஒன்பது வரி காலியாக இருந்தது. ஒவ்வொன்றிலும் ஏழரை என்று எழுதினேன். மை காயட்டும் என்று விரித்து வைத்தேன்.

ஏன் செய்தேன் என்று பல வருஷம் கேட்டுக்கொண்டேன். பார்க்கவில்லை என்று சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மறுபடி கல் போட்டு இன்னும் பதினைந்து நாள் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்த ஒன்பது நாளைப் பற்றி யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்றிருந்தது. காலி வரி இருந்தால் கேட்பார்கள். அதனால் நிரப்பினேன்.

கொத்தனார் அன்று என் வாசலுக்கு வந்து, தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வழியிலேயே அவருக்குச் சேதி தெரிந்திருந்தது. "ஆத்தா போயிருச்சே" என்று மட்டும் சொன்னார். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். நோட்டைப் பற்றி அன்றைக்குக் கேட்கவில்லை. மறுநாள் காலையில்தான் கேட்டார். கொடுத்தேன். எழுத்து அவருக்கு அவ்வளவாக வராது, எண் தெரியும். அந்தப் பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இறக்கினார். கீழே வந்ததும் மறுபடி மேலே போனார்.

"ஏழரையில நின்னுருச்சா?"

"நின்னுருச்சு" என்றேன்.

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

கூண்டைக் கோவிலோடு சேர்த்துக் கட்டினார்கள். ஒவ்வொரு கல்லிலும் பாதி கோவில் சுவரிலும் மறுபாதி கூண்டிலுமாக, பல்லும் பல்லும் கோத்தது போல. வருஷம் திரும்புவதற்குள் வேலை முடிந்தது. மணி ஏற்றிய அன்று அக்கரை வயல்காரர்கள் கைகாட்டினார்கள், கேட்கிறது என்று. ஊர் அழுதது. நானும் அழுதேன், மற்றவர்கள் என் பிள்ளையை நினைத்து அழுகிறேன் என்று எண்ணினார்கள். அதுவும்தான்.

முதல் மழையில் ஒன்றும் இல்லை. இரண்டாம் மழைக்காலத்தில், கோவிலும் கூண்டும் சேருகிற இடத்தில், காரைப் பூச்சில் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. நான்தான் முதலில் பார்த்தேன்; பள்ளிக்கூடத்தை அப்போது கோவிலுக்குள்தான் நடத்திக்கொண்டிருந்தேன். கொத்தனாருக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். பிறகு அந்தக் கோட்டின் குறுக்கே மூன்று இடத்தில் சுண்ணாம்பை மெல்லிசாகப் பட்டை போட்டுப் பூசினார். வெடிப்பு பழையதாக இருந்தால் பட்டை அப்படியே இருக்கும். இன்னும் விரிகிறதென்றால் பட்டை உடையும் என்றார். பத்து நாளில் மேல் பட்டை உடைந்தது. பிறகு நடுப் பட்டை. கோடு விரல் நுழைகிற அளவுக்கு அகன்றது. கூண்டு வயல் பக்கம் சாய்ந்துகொண்டே போக, அதோடு கோத்த கற்கள் கோவில் முகப்பையும் சேர்த்து இழுத்தன. வாசல் வளைவின் நடுக்கல் ஓர் அங்குலம் கீழே இறங்கியது. சாமியார் கோவிலைப் பூட்டச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய ஓலைக் கொட்டகையில் ஊர் கூடியது. சாமியார் நடுவில் நாற்காலியில் இருந்தார். கொத்தனார் ஓரமாக நின்றார். நான் முன்வரிசையில்.

"கடைக்காலு போடத் தெரியாதவனுக்குக் கரண்டி எதுக்குய்யா? முப்பது வருசத்துக் கனவு. எங்க பொம்பளைக சுமந்த கல்லுய்யா அது" என்று பெரிய விவசாயி சத்தம் போட்டார்.

கொத்தனார் சொன்னார்: "கடைக்காலு என் வேலை. தப்பு என்னோடதுதான் சாமி."

சாமியார் என் பக்கம் திரும்பினார். "வாத்தியார்தானே அளவு எழுதினது? அளவில் என்ன இருந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கொத்தனார் முந்திக்கொண்டார். "அளவு சரியாத்தான் இருந்துச்சு சாமி. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

நான் அப்போது எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

கூண்டை அவரே பிரித்தார். இருபது நாள், மேலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கயிற்றில் கட்டி இறக்கினார். ஒரு கல்கூடக் கோவில் கூரைமேல் விழவிடவில்லை. கூலி வேண்டாமென்றுவிட்டார். போகிற அன்று யாரும் அவரை வழியனுப்பப் போகவில்லை. நானும் வீட்டுக்குள் இருந்தேன்.

அதன் பிறகு பள்ளத்தாக்கில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். கம்பத்திலிருந்து தேனி வரை வண்டிக்காரர்கள் வழியாகவே சேதி போய்விடும். அந்தக் காலத்தில் மலைமேல் பெரிய அணைக்கட்டு வேலை தொடங்கியிருந்தது. வேறு வழியில்லாதவர்களும் அதிகக் கூலிக்கு ஆசைப்பட்டவர்களும் அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். காட்டுக் காய்ச்சலில் ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். அவரும் போய்விட்டார்.

நான் ஒரு வருஷம் பேசாமல் இருந்தேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட இதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். என் மனைவிக்கு எல்லாம் தெரியும். அந்த ஒன்பது நாளும் நான் வீட்டை விட்டு எங்கெங்கே போனேன் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாள் போல. ஒருநாள் நெல் புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்குறேன். எம்புள்ள செத்ததுக்கும் அந்த மனுசன் பொழப்புப் போனதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவளே பதிலும் சொன்னாள்.

"ஒரு சம்பந்தமும் இல்ல. நீங்கதான் முடிச்சுப் போட்டு வச்சிருக்கீக. அவ சாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறீக. எனக்கு அவள நெனச்சா இப்பல்லாம் அந்தக் கூண்டும் சேந்து வருது. அது எனக்கு வேணாம். போயிச் சொல்லிட்டு வாங்க."

கூடலூர் வரை வண்டியில் போய், அங்கிருந்து சரக்கு மாடுகளின் பின்னால் மலை ஏறினேன். குமுளி தாண்டி, காட்டுக்குள் ஒன்றரை நாள் நடை. ஆயிரக்கணக்கான ஆட்கள். மலையாளமும் தமிழும் கலந்த சத்தம். செங்கற்பொடியும் சுண்ணாம்பும் சேர்த்து அரைக்கிற கொட்டகையில் அவரைக் கண்டுபிடித்தேன். அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாக இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, உட்கார ஒரு சாக்கை உதறிப் போட்டார்.

"வீட்டுல ஆத்தா நல்லா இருக்காகளா?" என்று என் மனைவியை விசாரித்தார்.

நான் நின்றபடியே சொன்னேன். ஒன்பது நாளும் பார்க்கவில்லை, வண்டிச் சத்தம் கேட்ட பிறகு உட்கார்ந்து எழுதினேன் என்று.

அவர் கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார். "தெரியும் வாத்தியாரே."

"தெரியுமா?"

"ஏழு, ஏழே கால், ஏழரைன்னு போயிக்கிட்டிருந்தது, ஒரு நாள் ராத்திரியில டக்குன்னு நின்னு, ஒன்பது நாள் கால் நூல்கூட அசையலைன்னா நம்புற மாதிரியா இருக்கு? களி அப்படி நிக்காது. அதுவுமில்லாம ஒன்பது வரியும் ஒரே மை, ஒரே மூச்சுல எழுதுன எழுத்து."

"பிறகு ஏன் கேக்கல?"

"எப்படிக் கேப்பேன்? மண்ணு ஈரம் காயாத வீடு. அந்த வீட்டுக்காரன்கிட்டப் போயி, புள்ள கெடந்தப்ப நூலப் பாத்தீகளான்னு கேக்கச் சொல்றீகளா? மறுபடி சோதிக்கணும்னு சொன்னா ஊரு ஏன்னு கேக்கும். ஏன்னு சொன்னா உங்க தலை உருளும். சரி, நின்னாலும் நின்னுருக்கும், பாத்துக்கலாம்னு கட்டிட்டேன். அது என் தப்பு. அதத்தான் அன்னைக்கும் சொன்னேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் இன்னொன்றும் சொன்னார். ஒன்றரை முழக் கல் மேல்மண்ணைத்தான் அமுக்கிப் பார்க்கும்; கூண்டின் கனம் அதைவிடப் பல மடங்கு ஆழத்துக்குப் போகும்; அங்கே கீழே என்ன கிடந்ததோ, நீங்கள் சரியாக எழுதியிருந்தாலும் அந்தச் சின்னக் கல் நம்மை ஏமாற்றியிருக்கும், மலைக்கு வந்த பிறகுதான் இதெல்லாம் யோசிக்கிறேன் என்றார். அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பின்னாளில் இரண்டு ஓவர்சியர்களைக் கேட்டேன். ஒருவர் இருக்கலாம் என்றார். மற்றவர், ஒழுங்காகப் பார்த்திருந்தால் சந்து விட்டிருப்பீர்கள், சந்து விட்டிருந்தால் கோவிலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றார். இரண்டாமவர் சொன்னதுதான் என்னிடம் தங்கியிருக்கிறது.

"ஊருக்கு வாங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்" என்றேன்.

"நீங்க சொல்லிக்கோங்க. நான் இந்தச் சூளை முடிஞ்சதும் வாரேன்" என்றார்.

அடுத்த பூசைக்குப் பிறகு ஊர் முன்னால் சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரிய விவசாயி என்னைப் பார்க்காமல் எழுந்து போனார். கல் சுமந்த பெண்களில் ஒருத்தி மட்டும், "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே போயி நூலப் பாத்திருப்போமே வாத்தியாரே" என்றாள். சாமியார் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. பழனிசெட்டிபட்டிப் பக்கம் வேறொரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். என் மனைவிக்கு அந்தக் கல்லறையை விட்டு வருவதுதான் கஷ்டமாக இருந்தது. கோவில் முகப்பை வேறொரு கொத்தனார் சரிசெய்தார். கூண்டைச் சரளைப் பக்கம் தனியாக, குட்டையாகக் கட்டினார். மணி அக்கரைக்குக் கேட்பதில்லை என்று சொன்னார்கள்.

மலையிலிருந்து பழைய கொத்தனாரைக் கூப்பிட ஊரார் இரண்டு பேரை அனுப்பினார்கள். அவர்கள் போனபோது அவர் அங்கே இல்லை. காய்ச்சல் முற்றிக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று தெரிந்தது. எனக்குச் சேதி எட்டுவதற்கு மூன்று வாரம் ஆனது. மார்க்கையன்கோட்டைக்கு ஓடினேன். வீட்டு வாசலில் அவர் மனைவி வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொன்னேன்.

"தெரியும். வந்தா உக்காரச் சொல்லுன்னாக" என்றார் அந்த அம்மா. மோர் கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர் முன்னால எல்லாம் சொல்லிட்டேன்மா" என்றேன்.

"கேள்விப்பட்டேன். அங்கன சொன்னீக. இங்கன யாருகிட்டச் சொன்னீக?"

எனக்குப் புரியவில்லை.

"இந்தத் தெருவுல இன்னைக்கும் கோவிலச் சாச்ச கொத்தன் வீடுன்னுதான் சொல்றாக. எங்க மச்சினன் மகனக்கூட அந்தப் பேரச் சொல்லி ஒருத்தன் வேலைக்கு வேணாம்னுட்டான். அவுகளே வாயத் திறந்து சொல்லல. நான் சொன்னா பொண்டாட்டி சொல்றாம்பாக."

வாய்க்கால் மதகின் கைப்பிடிச் சுவரில், வேலைக்குக் கிளம்புமுன் கொத்தனார்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொன்னார். அன்று இரவு அங்கேயே ஒரு வேதக்காரர் வீட்டில் தங்கி, காலையில் மதகுக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நின்று, என் பிள்ளையின் காய்ச்சலிலிருந்து தொடங்கி முழுவதும் சொன்னேன். இடையில் ஒருவர், "எந்தக் கோவிலு?" என்று கேட்டார். சொன்னேன். வயதில் இளையவர் ஒருவர் மட்டும் தலை குனிந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத அவரு இருக்கும்போது வந்து சொல்லியிருந்தா, எங்ககூட ஒரு வேலைக்காவது வந்திருப்பாரு" என்றார். "நாங்கதான் கூப்பிடலை."

அவர்களைக் கூட்டிப் போக வண்டி வந்தது. கரண்டியையும் மட்டப்பலகையையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக ஏறினார்கள். மேலத்தெருவில் இன்னும் இரண்டு மூன்று கொத்தனார்கள் இருக்கிறார்கள், அவர்கள் இங்கே வருவதில்லை என்று இளையவர் வண்டியிலிருந்தபடி சொன்னார். வழி கேட்டுக்கொண்டு அங்கேயும் போனேன்.